திரும்பிப் போகும் மீன்

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்த நாட்டில், செவன் கிங்ஸ் என்ற ஊரின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் என்னோடு ஷிப்டில் நின்றவர், மன்னார்க்காரர். மெலிந்த மனிதர், கதிரையில் இருக்கவே மாட்டார். அங்கே விற்பனைக்கு வரும் தூண்டில் மீன்பிடிச் சஞ்சிகையை எடுத்து, மெக்சிகோவின் பசிபிக் கரையில் தண்ணீர் எவ்வளவு சூடு, காற்று எப்படி என்று நடந்தபடியே வாசிப்பார்.

ஒருநாள் என்னிடம் வந்தார். "தம்பி, நல்ல கடலாம். ஆளுயர மீனைப் பிடிச்சு, படமும் எடுத்துப்போட்டு, திரும்பக் கடலிலை விட்டிட்டாங்களாம்."

"அது விளையாட்டுக்குப் பிடிக்கிறது, அண்ணை."

"ஓம்," என்றவர் கதவுவரை போய்த் திரும்பினார். "என்ரை தம்பி கடலுக்குப் போய் இன்னும் திரும்பேல்லை. அங்கை மீன் திரும்பிப் போகுது."

சஞ்சிகையை அடுக்கில் வைத்தார். உடனே மறுபடி எடுத்து, காற்று எப்படி என்று போட்டிருந்த பக்கத்தைப் பார்த்தார். யார் கடலில் இறங்குவதற்காகப் பார்த்தாரோ, எனக்கு இன்றும் தெரியவில்லை.