மேசைவிரிப்பில் ஒரு கவுண்டி

மகளுக்குக் கலியாணம் சரிவந்த நாளிலிருந்து எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பாதி சந்தோஷம், பாதி பயம். பெடியன் அயோவாக்காரன், சோளமும் சோயாவும் போடுகிற குடும்பம். கலியாணம் முடிய அங்கேதான் குடித்தனம். எல்லாம் சரி, ஆனால் அது என்ன ஊர்? போனால் பிள்ளை எனக்குத் தூரமாகிவிடுவாளா? இங்கே எங்கள் மல்வேர்னில் பஸ் ஏறினால் இரண்டு பேராவது தமிழில் சண்டை பிடிப்பார்கள். அங்கே அவளுக்கு அதற்கும் ஆள் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரைத் தெரியவேண்டுமானால் முதலில் ஊரைத் தெரியவேண்டும். பெடியனின் தாயும் தகப்பனும் எங்களைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவர்களுடைய கவுண்டியின், எங்கள் கணக்கில் மாவட்டத்தின், பூகோளத்தையும் சரித்திரத்தையும் பிரின்ற் எடுத்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் பாடமாக்கினேன். சதுரமான கவுண்டி. கொப்பியில் கோடு போட்ட மாதிரி மைலுக்கு ஒரு ரோட்டு. ஆறு மட்டும் யார் சொல்லும் கேளாமல் வளைந்து போகிறது. அந்த ஆற்றை எனக்கு உடனே பிடித்துவிட்டது. நடுவில், நீதிமன்றக் கட்டடம் உள்ள ஒரு பட்டணம்.

"அம்மா, ப்ளீஸ், அவையிட்ட ஒண்டும் கேக்காதேங்கோ," என்றாள் மகள்.

"ஓம், ஓம்," என்றேன்.

வந்தார்கள். தாய் கணவாய்க்கறிவரை சிரித்துச் சிரித்து ருசி பார்த்தார். தகப்பன் கோப்பையைப் பார்த்தபடியே சாப்பிட்டார். என் கணவர் பனியைப் பற்றிப் பேசி முடித்தார், ஹொக்கியைப் பற்றியும் பேசி முடித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டேன். உங்கள் நீதிமன்றக் கட்டடம் எவ்வளவு வடிவு, அந்தப் பட்டணத்து ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரர்!

தகப்பன் கரண்டியை வைத்தார். பெடியன் கண்ணை மூடினான். மகள் என்னைப் பார்த்த பார்வையில் தேங்காய்ப்பால் சொதி திரைந்திருக்கும்.

"அது எங்கள் ஊர் இல்லை," என்றார் அவர். "நீதிமன்றம் முதலில் எங்கள் ஊரில்தான் இருந்தது. அவர்கள் வண்டி கொண்டுவந்து பதிவேடுகளைக் களவெடுத்துப் போய், நீதிமன்றத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்."

அவருடைய பூட்டன் காலத்துக் கதை. முகமோ நேற்று நடந்த மாதிரிச் சிவந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்! என் கணவர் தீவுப் பக்கம், நான் வடமராட்சி. ஊர்ச் சண்டை வந்தால் எங்கள் வீட்டிலும் இதே முகம்தான்.

"கள்ளர்!" என்று மேசையில் அடித்தேன். "அசல் கள்ளர்!"

அவர் சிரிக்கத் தொடங்கியவர், நிறுத்தவேயில்லை.

"பிள்ளை, அவருக்குச் சொல்லு," என்றார் என் கணவர். "கொம்மாவின்ரை ஊராக்களும் உப்பிடித்தான்."

சிரிப்பு அடங்கமுன் பெடியனின் தகப்பன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, என் வெள்ளை மேசைவிரிப்பிலேயே கீறத் தொடங்கினார். சதுரம், ரோட்டுகள், ஆறு. களவுபோன நீதிமன்றத்துக்கு ஒரு பெருக்கல் அடையாளம். ஒரு மூலையில் குட்டி வீடு: பிள்ளைகள் இங்கேதான் இருக்கப் போகிறார்களாம்.

"ஓ மை கோட், அம்மாவின்ரை டேபிள் குளோத்!" என்றாள் மகள்.

"விடு பிள்ளை," என்றேன். பிறகு அவரிடம், எங்கள் வீடு எங்கே என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பேனை சதுரத்தைத் தாண்டியது. சொதிக் கோப்பையைச் சுற்றி, அதுதான் ஏரியாம், நேரே என் முன்னால் வந்து நின்றது. அதே அளவில் இன்னொரு வீடு கீறினார். விடிய வெளிக்கிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்றார்.

விரிப்பை நான் இன்னும் தோய்க்கவில்லை. சொதி மணக்கிறதுதான். தோய்த்தால் ரோட்டு அழிந்துவிடும்.