பலகையின் கடைசி வரி

எங்கள் கடைப் பலகையில் போலீஸ் மட்டும் கிடையாது. தீயணைப்பு வீரர்கள், ராணுவ வீரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ஆகியோருக்கு மதியச் சாப்பாடு இலவசம் என்று மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். போலீசை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று யாராவது கேட்டால், "அவங்களுக்கு எதுக்குங்க போர்டு?" என்று அப்பா திருப்பிக் கேட்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே இலையைப் பார்க்கக் குனிந்துவிடுவார்.

ஆம்பூரில் பிரியாணிக் கடை வைத்திருப்பது ஒரு பெருமையே இல்லை. அங்கே தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பிரியாணி டேக்சாவின் மேல்தான் விழ வேண்டும். ஆனால் வாசலில் இப்படிப் பலகை மாட்டிய கடை எங்களுடையது ஒன்றுதான், அல்லது அப்படித்தான் நான் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் ஒரு தீ விபத்து. எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் ஷூ சோல் அடுக்கி வைத்திருந்த கிடங்கு ஒருநாள் காலையில் பற்றிக்கொண்டது. ரப்பர் எரிந்தால் என்ன புகை வரும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள், கிடங்கைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும், எங்கள் கடைக் கூரையின் மேல் இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். கடை பிழைத்தது. அப்பா நன்றி சொல்லக் கைகூப்பினார். அவர்கள் நின்றபடியே ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் பலகை வந்தது.

பலகை எழுதிய பெயின்டர் தன் கைக்காசில் இரண்டு படமும் போட்டுக் கொடுத்தார். இடது ஓரம் தீயணைப்பு வண்டி, வலது ஓரம் ராணுவ டாங்க். டாங்கை அவர் நேரில் பார்த்ததில்லை. அதனால் ஒரே லாரியை இரண்டு தடவை வரைந்து, ஒன்றில் ஏணியைச் சாய்த்து, மற்றதில் குழாயை நீட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு லாரிகள் முட்டிக்கொள்ளப் போவது போலிருக்கும்.

அப்பாவுக்கு இதில் ஒரே ஒரு விதி இருந்தது. யாரிடமும் அடையாள அட்டை கேட்கக் கூடாது. "சோறு போட்ற எடத்துல கார்டு இன்னாத்துக்கு? சொன்னா நம்பிக்கோ, அவ்ளோதான்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

என் பங்குக்கு நான் செய்த ஏற்பாடு மணி. பாத்திரக் கடையில் அடம்பிடித்து வாங்கிய வெண்கல மணியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னேன். வீரர்கள் யாராவது வந்தால் நான் அதை அடிப்பேன். சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது என் உத்தியோகம். கலெக்டர் கூட அவ்வளவு பொறுப்பாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் காக்கி போடாத ஆள் கம்மி. பஸ் கண்டக்டருக்கு மணி அடித்தேன். ஆட்டோக்காரர் ஒருவருக்கு அடித்தேன். தபால்காரருக்கும் அடித்தேன். கண்டக்டர் மட்டும் நெளிந்தார், மற்ற இரண்டு பேரும் மறுபேச்சு பேசவில்லை. அப்பா மூவருக்கும் இலை போட்டார். "அடிச்ச மணிய வாபஸ் வாங்க முடியுமா?" என்றார் என்னிடம். அதிலிருந்து அதுவும் கடையின் சட்டமாகிவிட்டது.

உண்மையான ஆட்களும் வந்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர், "பாப்பா, எனக்கு மட்டும் அடிக்காத. சைரன் கேட்டுக் கேட்டே காது போய்டுச்சு" என்றார். ஒருமுறை தீயணைப்பு வீரர்கள் எட்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் போன் வந்து, கை கழுவாமலே ஓடினார்கள். கூட்டம் நின்றுகொண்டிருந்தது. அந்த எட்டு இலையையும் எடுக்க அப்பா யாரையும் விடவில்லை. நான்கு மணி வரை பார்த்துவிட்டு, தானே ஒவ்வொன்றாக மடித்து எடுத்தார்.

ராணுவம் மட்டும் வரவில்லை. அதாவது வந்தது, எனக்குத் தெரியவில்லை. குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போனவர்கள் ஜாஸ்தி. அவர்கள் லீவில் வந்தால் லுங்கியும் பனியனுமாக வந்து, சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். தலைமுடி வெட்டை வைத்து அப்பா கண்டுபிடித்துச் சொல்வதற்குள் பைக் கிளம்பியிருக்கும். யூனிஃபார்மோடு ஒரு மிலிட்டரிக்காரர், அவருக்கு ஒரு மணி, ஒரு சல்யூட். இது நடக்காமல் என் பலகை முழுமையடையாது என்று எனக்கு ஒரே ஏக்கம்.

என் வகுப்பில் ஜெனிபர் என்று ஒருத்தி இருந்தாள். அவள் அப்பா மிலிட்டரி என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே எங்களுக்குத் தெரியும், அவளே சொன்னது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார் என்றும் சொல்லியிருந்தாள். எல்லையில் நிற்கிற மனிதர் எப்படிப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வர முடியும் என்று எங்கள் வகுப்பில் நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரைக் கடைக்குக் கூட்டிவரச் சொல்லி நான் அவளைப் பிடுங்கி எடுத்தேன். "லீவு கம்மிடி" என்பாள். "தூங்கணும்னாரு" என்பாள். நான் விடவில்லை.

அவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் கேட்டில் செக்யூரிட்டி. அங்கேயே தங்கி வேலை பார்த்தவர். இது அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனி ஆயுதபூஜைக்கு ஒருமுறை பிரியாணி ஏற்றிக்கொண்டு போனபோது, எங்கள் வேனை நிறுத்தி நம்பர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டது அவர்தான். அதனால் அப்பாவுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனிபருக்குப் பிறந்தநாள். டியூட்டி முடிந்து நேராக பஸ்ஸில் வந்து இறங்கிய தன் அப்பாவை அழைத்துப்போக அவள் ஸ்டாப்புக்கு வந்திருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு அங்கிருந்து இன்னொரு பஸ் ஏற வேண்டும். ஸ்டாப்புக்கு எதிரே எங்கள் கடை. நான் ஸ்டூலிலிருந்து பார்க்கிறேன்: மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எங்கள் வாசலுக்கு வருகிறார், அவளோ பக்கத்துக் கடையைக் காட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். எவ்வளவு கூச்சம் பாரு இவளுக்கு என்று நினைத்தேன்.

அவர் யூனிஃபார்மைச் சொல்ல வேண்டும். வெளிர்நீலச் சட்டை, கருநீல பேன்ட், தோளில் இரண்டு பக்கமும் பளபளக்கும் ஸ்டார்கள், மார்பில் பின்னிய வெள்ளைக் கயிற்றில் விசில், தலையில் சிவப்புத் தொப்பி. அதற்கு முன் நான் பார்த்த எந்தக் காக்கியும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. கர்னலாவது இருக்கும் என்று முடிவு செய்து, கை வலிக்க மணியை அடித்தேன்.

கடையே திரும்பியது. நான் ஸ்டூலிலிருந்து குதித்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தேன். அவர் கை தானாகவே மேலே போய்த் திருப்பி வைத்தது. என்ன அழகான சல்யூட்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நாளைக்கு ஐம்பது கார்களுக்கு வைத்துப் பழகிய கை அது.

"அங்கிள், மிலிட்டரிக்கு எங்க கடைல ஃப்ரீ. ஜெனிபர் எல்லாம் சொல்லிக்கீறா" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் என்னைப் பார்த்தார். பலகை இருக்கும் பக்கம் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல பாப்பா... நாங்க காசு குட்த்தே சாப்ட்றோம்" என்று மெல்லச் சொன்னார். அடக்கமான வீரர் என்று எனக்கு இன்னும் பிடித்துப்போனது. கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபேனுக்கு நேர்கீழே உட்கார வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எதிர் மேசையில் டயர் கடைக்காரர் ஒருவர் இருந்தார், தினமும் வருகிறவர், நல்லவர்தான். எலும்பைக் கீழே வைத்துவிட்டு, "சார் இன்னா ரெஜிமென்ட்? இப்ப எங்க போஸ்டிங்?" என்று ஆர்வமாகக் கேட்டார். நாலு மேசையில் சாப்பாடு நின்றது. எனக்கும் கேட்க ஆசை. ஜெனிபர் தம்ளரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு அப்பா வந்தார். ஜெனிபரின் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவளை ஒரு பார்வை. பிறகு டயர் கடைக்காரரிடம், "இன்னா அண்ணே நீ, எந்த எடத்துல ட்யூட்டின்னு அவங்க வெளிய சொல்லக் கூடாது. இதுகூடவா தெரியாது?" என்றார்.

டயர் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி சார், சாரி" என்று எழுந்து நின்றே சொன்னார். கடை பழையபடி சாப்பிட ஆரம்பித்தது. எங்கள் கடையில் ஒரு ராணுவ ரகசியம் காப்பாற்றப்பட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று அந்த மேசைக்கு அப்பாவே பரிமாறினார். கறித்துண்டாகத் தேடிப் போட்டார், கத்திரிக்காயை இரண்டாம் முறை வைத்தார். ஜெனிபரின் அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நடுவில் தன் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மகள் இலையில் வைத்தார். போகும்போது அவர் கை இரண்டு முறை சட்டைப்பைக்குப் போனது. இரண்டு முறையும் அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே பேசிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே போனார். மதியக் கூட்டத்தில் கடையை விட்டு அப்பா இறங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் மணியைக் கழற்றிவிட்டார். "ஜனங்க நிம்மதியா சாப்டட்டும்" என்றார். நான் அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பிரியாணிக் கடையில் பட்டினி கிடப்பது கஷ்டம், எட்டு மணிக்குச் சமாதானமாகிவிட்டேன். மணி போனதுகூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் பெயின்டரைக் கூப்பிட்டு அப்பா பலகையில் ஒரு வரி சேர்த்தார். இடமில்லாததால் டாங்கின் சக்கரத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் வந்தது: 'கம்பெனி செக்யூரிட்டிகளுக்கும்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கர்னல் வந்து சாப்பிட்ட கடை! திங்கட்கிழமை வகுப்பில் ஜெனிபரிடம்தான் போய்ப் புலம்பினேன். "எங்கப்பாவுக்குப் பைத்தியம் புட்ச்சிட்ச்சிடி. இனிமே வாட்ச்மேனுக்கெல்லாம் ஃப்ரீயாம். ஒங்கப்பாவும் வாட்ச்மேனும் ஒண்ணா?" என்றேன்.

அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். சீவிய முனையை ஊதிவிட்டு, "நல்லதுதானே" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அப்பா மாதம் ஒருமுறையாவது கடைக்கு வந்தார். அதே நீல யூனிஃபார்ம், அதே விசில். உள்ளே வருமுன் வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்ப்பார். டாங்க் தப்பாக இருப்பதை நிஜ வீரர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அதை அழித்து ஒழுங்காக வரையச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன். "அது இருக்கட்டும், அவரு டாங்கைப் பாக்கல" என்று மட்டும் சொன்னார்.

போன வருடம் ஜெனிபர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாள். பிரித்தேன். அவள் அப்பா பெயருக்குக் கீழே 'செக்யூரிட்டி (ஓய்வு)' என்று அச்சடித்திருந்தது. நான் பத்திரிகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்ததைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏய், நெஜமாவே உனக்கு இவ்ளோ நாளா தெரியாதா?" என்றாள்.

இரண்டாம் வகுப்பு லீவில் ராணிப்பேட்டைக்குப் போனபோது, ஒரு கார் ஹார்ன் அடித்ததும் அவள் அப்பா கேட்டைத் திறக்க ஓடியதையும், கொஞ்சம் தாமதமானதற்குக் காரிலிருந்தவன் கத்தியதையும் பார்த்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு தொடங்கியதும் அவரை மிலிட்டரியில் சேர்த்துவிட்டாள். அது அவருக்குத் தெரியாது. நான் மணியடித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டார், அத்தனை பேர் முன்னால்.

"வீட்டுக்குப் போனதும் அடி உண்டுன்னு நெனச்சேன். பஸ்ல ஏறினதும், 'கத்திரிக்கா நல்லா இருந்திச்சில்ல?'ன்னாரு. அவ்ளோதான். இன்னிக்கி வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல" என்றாள். பிறகு சொன்னாள்: "உங்கப்பா போர்டுல சேத்தத நீதான வந்து சொன்ன. வீட்ல போய் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவரா வந்து சாப்ட்டாரு."

அவள் போன பிறகு வாசலில் இறங்கிப் பலகையைப் பார்த்தேன். மஞ்சள் வெளுத்துவிட்டது, டாங்க் இன்னும் லாரியாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்த மேசையில் அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், கரண்டி பிடித்திருந்த அப்பாவுக்குத் தெரியும். தெரியாதவள் நான் ஒருத்திதான், சத்தம் போட்டவளும் நான் ஒருத்திதான். அவர் ஒவ்வொரு மாதமும் அண்ணாந்து அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். வந்தவருக்கு ஒவ்வொரு மாதமும் நான் மிலிட்டரி என்று நினைத்துச் சல்யூட் வைத்தேன். அவரும் ஒருமுறைகூடத் தவறாமல் திருப்பி வைத்தார்.