காய்ச்சல் விட்ட நாள்

ஐப்பசி மழை எங்கள் ஊருக்கு நேரங்காலம் பார்க்காமல் வந்து நிற்கும் விருந்தாளி. திருப்பூரில் தீபாவளி நெருங்கினால் பனியன் கம்பெனிகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஷிப்மென்ட் போக வேண்டும், அதற்கப்புறம்தான் போனஸ், பலகாரம், பட்டாசு எல்லாம். அந்த நேரம் பார்த்துத்தான் மழை வரும். மழையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே காய்ச்சலும் வரும். முதல் தூறல் விழுந்ததும் ஊரார் முகம் மலர்கிறது. நான் மட்டும் இப்போதும் தண்ணீர்ப் பாத்திரங்களை மூடப் போகிறேன்.

அப்போது நான் ஒன்றாம் வகுப்புப் படித்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். முன்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் சமையல் தடுப்பு, அதற்கும் பின்னால் தகரம் போட்ட ஒரு சந்து, அவ்வளவுதான் வீடு. அப்பா, அம்மா, நான், கல்யாணம் ஆகாத அத்தை என்று எல்லோரும் முன்னறையில்தான் படுப்போம். அத்தை அப்பாவின் தங்கை. அவள் மேல் காலைப் போடாமல் எனக்குத் தூக்கம் வராது.

அத்தைக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவாள். வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காது. என்னைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இந்தப் பீஸு ரிஜெக்ட்டு" என்று தூக்கி ஓரமாக வைப்பாள். நான் ஓடிப்போய் மறுபடியும் மடியில் ஏறிக்கொள்வேன். தீபாவளிக்கு முந்தின நாள் நானும் அவளும் மட்டும் பட்டாசுக் கடைக்குப் போவதாகப் பேச்சு. அந்த நாளுக்காகத்தான் நான் பள்ளிக்கூடத்தையே பொறுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்தது. குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று குழாய்க்கே தெரியாது. அதனால் பின் சந்தில் டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்திருந்தோம். சாயப்பட்டறையில் வாங்கிக் கழுவிய நீல டிரம்கள் அவை. மூடி கிடையாது. பனியன் வேஸ்ட் துணியை வாயில் கட்டியிருந்தோம். அது நனைந்து, தொங்கி, தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கொசுப்புழு பார்க்க வந்த பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புழு நெளியுதுங்க அக்கா, கொட்டிருங்க" என்றார்.

"கொட்டிப்போட்டு நாங்க என்னத்தைங்க குடிக்கறது?" என்று அம்மா கேட்டாள். நன்றாக வடிகட்டிக் காய்ச்சிக்கொள்வதாகச் சொல்லி அம்மா அவரை அனுப்பி வைத்தாள்.

பிறகு அத்தை படுத்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறது, கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கிறது என்றாள். கிளினிக்கில் டெங்கு என்றார்கள். தினமும் வந்து ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். வீட்டில் நிலவேம்புக் கஷாயம் கொதித்தது. அத்தைக்கு வந்த காய்ச்சலுக்கு எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எங்களைப் பிரித்துவிட்டார்கள். அத்தையின் பாயும் தலையணையும் பின் சந்துக்கு, டிரம்களுக்குப் பக்கத்தில் போயின. அத்தையைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். கொசுக்களுக்கு யாரும் சொல்லவில்லை. பிற்பாடு பக்கத்து வீட்டு அண்ணன் படுத்தான், கடைசி வீட்டில் இருந்த பீகார் பையன்கள் படுத்தார்கள். "இந்திக்காரப் பசங்க கொண்டாந்த காச்சலு" என்று லைன் முழுக்கப் பேச்சு. முதலில் படுத்தது எங்கள் அத்தைதான் என்பது அதற்குள் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

காலையில் அம்மா அத்தையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். நான் சமையல் தடுப்பில் நின்றுகொண்டு, "உட்டுருச்சுங்களாம்மா?" என்று கேட்பேன். அம்மா இல்லையென்று தலையை ஆட்டிவிடுவாள். சுவரில் இருந்த முருகனிடம், காய்ச்சல் மட்டும் போனால் போதும், பட்டாசுகூட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். அன்றைக்கு என்னிடம் இருந்த பெரிய சொத்து அதுதான்.

ஒரு காலையில் அம்மா கையை எடுக்காமலே, "முருகா! உட்டுருச்சுங்க!" என்று கத்தினாள். அப்பா வந்து தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. கம்பெனி சூப்பர்வைசருக்கு உடனே போன் போட்டு, தங்கச்சி சீக்கிரமே வேலைக்கு வந்துவிடும் என்றார். அன்று கிளினிக்குக்குப் போகவில்லை. காய்ச்சலே இல்லை, அப்புறம் எதற்குக் கையைக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும் என்று அத்தையே சொன்னாள். அது நியாயமாகத்தான் எல்லோருக்கும் பட்டது.

எனக்கும் தடை நீங்கியது. ஓடிப்போய் மடியில் விழுந்தேன்.

"வயிறு வலிக்குதுங்கண்ணி" என்றாள் அத்தை.

"பட்டினி கெடந்த வயிறு, அம்மிணி. ரெண்டு வாய் ரசஞ்சோறு உள்ள போனாச் சரியாப் போயிரும்" என்றாள் அம்மா.

ரசஞ்சோறு உள்ளே நிற்கவில்லை. வாந்தி எடுத்தாள். பித்தம் என்றார்கள். அத்தையின் உள்ளங்கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"ஐஸாட்டம் இருக்குதுங்கத்தை."

"சுடற கைக்கு இது தேவலைல்ல கண்ணு?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னொரு கையையும் எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு கூச்சத்தில் நெளிந்தேன். அந்த நாட்களிலேயே நான் சந்தோஷமாக இருந்த பொழுது அதுதான். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றும் தாங்க முடிவதில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். வயிறு வலிக்கும், வாந்தி வரும், கைகால் சில்லிடும். உள்ளே ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். இப்போது மழைக்காலத்தில் இதைச் சுவரொட்டியாக ஒட்டுகிறார்கள். பஸ் போனாலும் போகட்டும் என்று நின்று படிக்கிறேன். எங்கள் வீட்டில் அன்று அத்தனையும் குணமாவதன் அடையாளமாக இருந்தது.

சாயங்காலம் எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள். அப்பா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். ஊசி போட்டதும் வந்துவிடுவாள் என்று அம்மா என்னிடம் சொன்னாள்.

அத்தை வந்தாள். முன்னறையில் பெஞ்சு போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். பொங்கலூரிலிருந்து சொந்தக்காரர்கள் நனைந்துகொண்டே வந்து இறங்கினார்கள். பின் சந்துக்கு அனுப்பாமல் முன்னறையிலேயே படுக்க வைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பெரியவர்களின் காலுக்கிடையில் புகுந்து பெஞ்சின் அருகே போனேன். அம்மா செய்வதுபோலப் புறங்கையை அத்தையின் நெற்றியில் வைத்துப் பார்த்தேன். அப்பா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் அழவில்லை.

"அப்பா, காச்சலு சுத்தமா உட்டுருச்சுங்க!" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார், உடம்பு குலுங்கியது. அம்மா ஓவென்று கத்திக்கொண்டு என்னை வந்து கட்டிக்கொண்டாள். வீடே காத்திருந்த நல்ல சேதியைத்தானே சொல்கிறேன், ஏன் இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, அம்மாவின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி, இன்னும் உரக்க ஒரு முறை சொன்னேன்.