சிவப்புக் காரும் இரண்டு கள்ளிகளும்

கலர் கேட்டு என்னிடம் யாரும் வந்ததே இல்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் குடியிருந்தோம். சுவருக்கு மஞ்சள், கதவுக்குப் பச்சை என்று ரயில்வே முடிவு செய்துவிடும். புடவையை என் வீட்டுக்காரர் எடுத்து வருவார். அவருக்குத் தெரிந்த கலர் இரண்டுதான். ஒன்று, அழுக்குத் தெரியாத கலர். இன்னொன்று, அழுக்கு மாதிரியே இருக்கும் கலர்.

அதனால் என் மருமகள் போனை என் முன்னால் நீட்டி, "அத்தை, கார் புக் பண்ணப் போறேனுங்க. கலர் நீங்க சொல்லுங்க" என்றபோது, நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாராவது அத்தை நிற்கிறாளா என்று.

அவள் கோயம்புத்தூர்ப் பெண். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அது அவள் சம்பளத்தில், அவள் ஓட்டப்போகும் கார். என் மகனுக்கு ஆபீஸ் வீட்டு மாடியிலேயே. படியில் இறங்கினால் சாப்பாடு, ஏறினால் வேலை. அவனுக்குக் கார் எதற்கு?

போனில் ஒரே காரை ஏழு தடவை காட்டினாள். வெள்ளை, சாம்பல், அதை விடக் கொஞ்சம் சோகமான சாம்பல், நீலம், இப்படி. கடைசியில் ஒரு சிவப்பு வந்தது. நல்ல பழுத்த மிளகாய்ச் சிவப்பு. விரலை வைத்துவிட்டேன்.

மகன் எட்டிப் பார்த்தான். "ரெட்டாம்மா? இந்த ஊரு வெயில்ல வெளுத்துப் போயிடும்மா. ஒயிட் வாங்கினா சூடு ஏறாது, தூசி தெரியாது."

"தூசி தெரியலன்னா தூசி இல்லன்னு அர்த்தமாடா? நீ கழுவமாட்டேன்னு அர்த்தம்."

பேத்திக்கு ஒன்பது வயசு, இந்தத் தெலுங்கு ஊரிலேயே வளர்ந்தவள். தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றும் கைகோத்துக்கொண்டு வரும். "ரெட் நக்கோ பாட்டி. அந்தரூ வைட்டே தீஸ்குன்டாரு" என்றாள். சிவப்பு வேண்டாமாம், எல்லோரும் வெள்ளைதான் வாங்குகிறார்களாம்.

"எல்லாரும் வாங்கறது வேணாம்னுதான் உங்க அம்மா என்னைக் கேக்கறா" என்றேன்.

மருமகள் சிவப்பையே அழுத்திவிட்டாள். மகன் சிரித்துக்கொண்டே, "சரி. ஆனா அது மங்கிப் போச்சுன்னா, இனிமே இந்த வீட்டுல அம்மாவைக் கத்திரிக்காய்க்குக்கூட கலர் கேக்கக் கூடாது" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. எழுபது வயசில் முதல் தடவையாக ஒருத்தி என் இஷ்டத்தைக் கேட்டிருக்கிறாள். இந்தக் கலர் கெட்டுப்போனால் இரண்டாவது தடவை கிடையாது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை கார் வந்தது. லோத்குண்டாவில் எங்கள் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பக்கம் மிலிட்டரி மதில் சுவர். அதற்கு மேல் நின்ற காக்காய்கூட நகரவில்லை. நான் தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு ஆலம் கரைத்து, வெற்றிலைமேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றினேன். பிறகு ஆலத்தைத் தொட்டு பானெட் நடுவில் ஒரு பொட்டு. சிவப்புக் காரில் சிவப்புப் பொட்டு சின்னதாக வைத்தால் திருஷ்டியின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அடியில் தங்கியிருந்த சுண்ணாம்பையும் சேர்த்து வழித்து, உள்ளங்கை அகலத்துக்கு அப்பினேன்.

மறுநாள் மருமகள் துணியோடு வந்தாள். "துடைச்சரட்டுங்களா அத்தை?"

"மங்கலமா வெச்சதை மறுநாளே துடைப்பாங்களா? இரு."

அடுத்து வெள்ளிக்கிழமை, பேசவே கூடாது. சனிக்கிழமை, சனி. ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கினாள். திங்கட்கிழமை ராகு காலம் காலையிலேயே வந்துவிட்டது. இப்படி ஒரு வாரம் ஓடியது. மழை வருகிற மாசம்தான், ஆனால் அந்த வாரம் பார்த்து வெயில் கொளுத்தித் தள்ளியது. எட்டாம் நாள் நானே ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு உதிர்ந்து வந்தது. அதற்கு அடியில் வெளுத்துப்போய் ஒரு வட்டம். மேஜைமேல் சூடான டம்ளரை வைத்து எடுத்த மாதிரி.

துணியை அப்படியே அதன்மேல் போட்டு மறைத்தேன். வெயில் வெளுக்கவைக்கும் என்று மகன் சொன்னான். வெயிலுக்கு முன்னால் நானே வெளுக்கவைத்துவிட்டேன்.

பித்தளைக் குத்துவிளக்குக் கறைக்கு என்ன செய்வோம்? புளி. எல்லோரும் உள்ளே இருக்கும்போது ஓர் எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துத் தேய்த்தேன். விளக்கு என்றால் இந்நேரம் தகதகத்திருக்கும். காருக்கு என்ன கோபமோ, வட்டத்தின் நடுவிலும் பளபளப்பு போய்விட்டது. சரி என்று தேங்காயெண்ணெய் தடவினேன். அடடா, அபிஷேகம் முடிந்த பிள்ளையார் மாதிரி மின்னியது. சாயங்காலத்துக்குள் மிலிட்டரி மைதானத்துப் புழுதி மொத்தமும் பறந்து வந்து அந்த எண்ணெயில் உட்கார்ந்துகொண்டது.

மாடியிலிருந்து மகன் கேட்டான். "என்னம்மா அது, பானெட்மேல?"

"பனிடா."

"ஆவணி மாசத்துலயா?"

"வர்றப்ப வரும். நீ போய் வேலையைப் பாரு."

அன்றைக்கே காருக்கு ஒரு உறை வாங்கச் சொன்னேன். "கலர் மங்கிடும்னு சொன்ன இல்ல? மூடி வெச்சா நிக்கும்." மருமகள் முகத்தைச் சுளித்தாள். தினமும் யார் கழற்றி யார் மாட்டுவது என்று கேட்டாள். நான்தான் மாட்டினேன். நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுவதற்குள் இடுப்பு போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அதிசயம் நடந்தது. ஆபீஸிலிருந்து வந்த மருமகள் தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், ஓடிப்போய் அவளே உறையை மாட்டினாள். மறுநாளும் அப்படியே. காரையும் சுவரோடு ஒட்டி நிறுத்த ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் ஒரு பல்லிகூட நுழைய முடியாது. "ஏன்டி இப்படி ஒட்டி நிறுத்தற?" என்றால், "இடம் மிச்சமாகுதுங்க அத்தை" என்றாள். எங்கள் வாசலில் இரண்டு லாரி நிற்கலாம்.

மகனுக்கு ஒரே பெருமை. "எங்க வீட்டு லேடீஸ் காரைக் கைக்குழந்தை மாதிரி போத்தி வெக்கறாங்க" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படியே தசரா வந்துவிட்டது. அதற்கு முந்தின நாள் காலையில் மகன் தோசைக்கு நடுவில் சொன்னான். "நாளைக்கு உறையை எடுத்து நானே வண்டியைக் கழுவி மாலை போடறேன். சைனிக்புரி ஃப்ரெண்ட் சம்சாரத்தோட வர்றான். ரெட் எப்படி இருக்குன்னு பாக்கணுமாம்."

எனக்குத் தோசை இறங்கவில்லை. பார்த்தால் மருமகளும் தட்டில் தோசையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள், வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

பத்து மணிக்கு அவள் சாவியை எடுத்தாள். "அத்தை, பூ வாங்கிட்டு வந்தர்றேனுங்க."

"இரு, நானும் வரேன்."

"நீங்க எதுக்குங்க அலையோணும்? நானே வாங்கியாறேன்."

"நீ வாங்கற சாமந்தி வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாடிடும்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். எப்படியாவது இவளைப் பேசி ஒரு பாலிஷ் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எண்ணம்.

பூக்கடை வந்தது. பூக்கடை போனது. அவளும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. கார் நாச்சாரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"பூக்கடை போயிடுச்சே" என்றேன், வெகுநேரம் கழித்து.

"உங்களுக்கும் கண்ணு தெரியுதில்லீங்க? நீங்க ஏன் சொல்லல?"

ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். "அத்தை, ஒண்ணு சொல்றேன். அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க." இறங்கி, இத்தனை நாள் சுவருக்கு முகம் காட்டி நின்ற பக்கத்தைக் காட்டினாள். பின்கதவில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளத்துக்கு ஒரு கீறல். "நம்ம கேட்டுத் தூண்தானுங்க. திரும்பறப்ப இடிச்சுப்போட்டேன்."

எனக்கு என்ன நிம்மதி! அவள் கையைப் பிடித்து முன்பக்கம் இழுத்துப்போய் என் வட்டத்தைக் காட்டினேன். "இதைப் பாரு. நீ சின்னக் கள்ளி, நான் பெரிய கள்ளி."

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க. புளி தேச்சதும் தெரியும். வைப்பர்ல நார் மாட்டிட்டு இருந்துதே."

"தெரிஞ்சுமா கேக்காம இருந்த?"

அவள் கார்க் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கோசரம் ஆலம் கரைச்சு வெச்சதுங்க. அதைப் போயி எப்படிங்க கேக்கறது?"

அவள் தலையில் விழுந்திருந்த வேப்பிலையை எடுத்துப் போட்டேன். "ஏறுடி வண்டியில, பாலிஷ் கடைக்குப் போகலாம்" என்றேன்.

நாச்சாரத்தில் பாலிஷ் கடை பாய் குனிந்து வட்டத்தைத் தடவினார். "ஏ க்யா லகாயே அம்மா? தேஜாப் டாலே க்யா?" என்றார். ஆசிட் ஊற்றினீர்களா என்கிறார்.

"ஆசிட் நை பாய், பூஜா கியா" என்றேன் என் ஹிந்தியில்.

"ஐசா பூஜா கைக்கு கரே, அம்மா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இப்படியும் ஒரு பூஜை எதற்காம்.

பெயின்ட்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறதாம். சுண்ணாம்பு அதைத்தான் அரித்திருக்கிறது, கலர் பத்திரமாக இருக்கிறது என்றார். ஏதோ பசையைத் தடவி, பஞ்சு வைத்த மெஷினைச் சுற்றவிட்டார். கீறலில் மெல்லிய பிரஷ்ஷால் சிவப்புத் தொட்டு, காயவைத்து, அதையும் தேய்த்தார். கடைசியில் மெழுகு. மூன்று மணி நேரம். இனிமேல் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுப் புழுதியை ஓட்டணும், பிறகுதான் துணி படணும், அதுவும் நிழலில் வைத்து, காக்காய் எச்சம் விழுந்தால் அப்போதே கழுவணும் என்று மருமகளுக்குச் சொன்னார். எனக்குத் தனியாக ஒன்று சொன்னார். நான் காரைத் தொடவே கூடாதாம்.

வீட்டுக்கு வந்தோம். மகன் வாசலில் நின்றிருந்தான். "பூ எங்க?"

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

"மூணு மணி நேரம் பார்த்தோம்டா, ஒண்ணுகூட புடிக்கல" என்றேன். மருமகள் பின்னாலிருந்து உறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை உறையை எடுத்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பைப்பில் தண்ணீர் அடித்தான், சுற்றிச் சுற்றி வந்தான், குனிந்தான், நிமிர்ந்தான். ஒரு ஓரமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் வட்டம் இன்னும் லேசாகத் தெரியும். நல்லவேளை, என் மகனுக்கு எதையும் தலை சாய்த்துப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

அந்த நேரம் சைனிக்புரி சிநேகிதன் மனைவியோடு தன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். வழியில் ஏதோ குழியில் இறங்கியிருக்கிறான் போல. கதவு மட்டத்துக்குச் சேறு. அந்தப் பெண் எங்கள் காரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "கலர் சால பாகுந்தண்டி! எவரு செலக்ட் சேசாரு?" என்று கேட்டாள். கலர் ரொம்ப நன்றாக இருக்கிறதாம், யார் எடுத்தது என்கிறாள்.

கையில் ஷாம்பு நுரையோடு என் மகன் நிமிர்ந்தான். "நேனே" என்றான்.

நானேதான், என்கிறான்!

மருமகள் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். "சும்மா இருடி" என்றேன் காதில். "கலர் மோசமா இருந்திருந்தா அது எங்க அம்மா சொன்னதுன்னு சொல்லியிருப்பான்."

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். நான் மட்டும் நின்று, அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில் எடுத்துச் சொன்னேன். எங்கள் பையனுக்குச் சின்ன வயசிலிருந்தே கலரில் ஞானம் அதிகம், வீட்டில் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், சிவப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான் என்று சொன்னேன்.

மகன் குனிந்து, ஏற்கெனவே கழுவிய டயரை மறுபடியும் கழுவ ஆரம்பித்தான். தலையைத் தூக்கவே இல்லை. காது மட்டும் எங்கள் காரின் கலரில் இருந்தது.