அக்கா வீட்டுப் பாதையில் ஒரு குடை

முசிறியில் யாராவது வழி கேட்டால் நான் இன்றைக்கும், "கொஞ்சம் மேல ஏறிப் போயி, பொறகு கீழ எறங்குங்க" என்றுதான் சொல்கிறேன். கேட்டவர் தெருவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்ப்பார். காவிரிக்கரை ஊர், பலகை போட்டாற்போல் சமமாகக் கிடக்கிறது. அங்கே ஏற என்ன இருக்கிறது, இறங்க என்ன இருக்கிறது? பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அத்தை மகனைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவள் நான். "தாய்நாட்டுக்கு வந்துட்டே, கொடுத்து வச்சவ" என்றார்கள் வந்த புதிதில். எனக்கென்னவோ கண்ணைக் கட்டி யார் வீட்டிலோ விட்டதுபோல் இருந்தது. அங்கேயே இருக்கிற மலைநாட்டுச் சனமும் சரி, என்னைப்போல் இக்கரை வந்து சேர்ந்தவர்களும் சரி, இப்படிச் சொல்வதற்காக என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். கோடை விடுமுறையில், "உங்க ஊரைத்தான் ஒரு தடவை காட்டேன்" என்று அவராகவே கேட்டார். விடுவேனா? விசா வாங்கி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் மாறி அட்டன் வந்து சேர்ந்தோம். நுவரெலியா ஏரிக்கரையில் நடந்தோம். மனுஷர் கம்பளித் தொப்பிக்குள் தலையை ஒளித்துக்கொண்டு, குளிக்கச் சொன்னால் மட்டும் காது கேட்காதவர்போல் இருந்தார். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் என் மனசு ஒன்றிலேயே நின்றது: செல்லம்மா அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். நான் பிறந்த அதே லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான் இன்னும் இருக்கிறாள்.

அட்டனில் காசிம் நானாவின் கடை மாடியில் தங்கியிருந்தோம்; முஸ்லிம் அண்ணனை எங்கள் பக்கம் நானா என்போம். நானாவிடம் சொன்னபோது அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "பாத்துட்டு சாயங்கால பஸ்ஸுல திரும்பிருங்க தங்கச்சி. வெளியாளு லயத்துல தங்கணும்னா தொரை உத்தரவு வேணும். இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னா சுத்தமா உடமாட்டாங்க."

"நான் வெளியாளா? நானா, அது நான் பொறந்த லயம்!"

"எனக்குத் தெரியும். தொரைக்குத் தெரியுமா?"

மறுநாள் உம்மென்று பஸ் ஏறினேன். சிங்களக் கண்டக்டர், "கொஹேத யன்னே?" என்று கேட்டார், எங்கே போகிறீர்கள் என்று. "கெதர யனவா" என்றேன். வீட்டுக்குப் போகிறேன் என்று எப்படி என் வாயில் வந்ததோ தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் பக்கம் திரும்ப, ஊரைத்தான் கேட்கிறார் என்று நினைத்து இவர் "முசிறி, முசிறி" என்றார். அப்படி ஒரு நிறுத்தம் இந்தப் பாதையில் எங்கே என்று டிரைவரிடம் விசாரிக்கவே போய்விட்டார் அந்தக் கண்டக்டர்.

இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்து, முந்தானையை முக்காடு போட்டுக்கொண்டேன். ஒரே குடையை இவர்தான் பிடித்து வந்தார். வளைவில் துரையின் கார் சத்தம். அவ்வளவுதான், எனக்கு என்ன ஆனதென்று தெரியாது. அவர் கையிலிருந்து குடையைப் பிடுங்கி மடக்கினேன், ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் இறங்கித் தண்ணீரில் நின்றேன். தோட்டத்தில் துரை எதிரே வந்தால் குடையை மடக்கி ஓரமாக நிற்க வேண்டும், கொட்டுகிற மழையானாலும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, நடக்கப் பழகும்போதே கூட வந்துவிடும். வாத்தியார் நடுரோட்டில் நனைந்துகொண்டு நின்றார்.

கார் நின்றது. வெள்ளைக்காரத் துரை தலையை நீட்டினார். "ஏய், வேலைக்கு போகலையா? என்னா இங்க நிக்கிறது?"

"ஒடம்புக்கு சொகமில்லைங்க தொரை" என்றது என் வாய்.

"எந்த லயம்?"

"மேல் லயமுங்க."

"போ, போ. நாளைக்கு பெரட்டுக்கு வரணும்."

கார் போய்விட்டது. பெரட்டு என்றால் காலையில் ஆளெடுக்கிற இடம், துரை என்னைத் தோட்டத்து ஆளென்றே நினைத்துவிட்டார் என்று இவருக்கு எப்படித் தெரியும்? முகம் சிவந்து நின்றார். "என்னடி இது? அவன் வெரட்டுறான், நீயும் சாக்கடையில எறங்கி நிக்கிறே!"

"உத்தரவு கெடச்சிருச்சுங்க! தொரையே லயத்துக்குப் போகச் சொல்லிட்டாரு!" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தோள் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார், நட்டநடு ரோட்டில்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. நடந்ததைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தாள். "தொரையே சொன்ன பொறகு கணக்கப்புள்ள என்னா செய்வாரு? இருடி ராத்திரிக்கு!" சுடச்சுட ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். வாத்தியார் சாக்கில் சம்மணம் போட்டு, போதும் என்று சொல்லத் தெரியாமல் தின்றார். லயமே வாசலில் கூடிவிட்டது. விடியலில் வேலைக்கு எழுப்பத் தப்பு அடித்ததும் அக்காவுக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். "நீ எதுக்குடி எந்திரிக்கிற? விருந்தாளி, படு" என்று போர்த்திவிட்டாள். பாசமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

புறப்படும்போது பட்டுச் சேலை கட்டினேன், அக்காவின் பிடிவாதம். அவர் கோட்டும், காலில் சப்பாத்தும் மாட்டிக்கொண்டார். பாதி வழியில் மறுபடி மழை, மறுபடி அதே கார். என் கை குடைக்குப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார் மெதுவாக. நிமிர்ந்து நின்றோம். கார் வேகம் குறைத்தது. துரை தொப்பியைத் தொட்டு, "குட் மார்னிங்" என்றார். இவரும் "குட் மார்னிங்" என்றார்.

"பாத்தியா? நிமிந்து நின்னா மதிக்கிறான்."

அவர் சொன்னது நியாயம். ஒரு வார்த்தை மறுத்துப் பேச முடியாது. ஆனால் நேற்று திட்டின துரை எந்த லயம் என்று கேட்டார். இன்று யாரோ வெளியாளுக்கு வணக்கம் சொன்ன துரை எதையும் கேட்கவில்லை. நேற்றைய திட்டே இனித்தது என்று சொன்னால் இந்த மனுஷர் என்னோடு பேசமாட்டார்.

மேலே மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் நனைந்த சாக்கோடு அக்கா. இரண்டு கையும் செடியில் இருக்க, கண்ணை மட்டும் எங்கள் மேல் வைத்திருந்தாள். நான் குடையை விட்டு மலைப் பக்கம் ஒதுங்கி நடந்தேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு தோள் நனைய, ஒரு தோள் காய, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அப்படியே போனேன்.