பிலோமினா அக்காவின் முதல் வெள்ளி

"அக்கா, இண்டைக்கு விளைமீன் வருமோ?" என்று சந்தைக்காரர் வேண்டுமென்றே கேட்கிறார்கள். பிலோமினா அக்கா சைக்கிளை மிதித்தபடி ஒரு கையை அசைக்கிறார், வாய் திறப்பதில்லை. ஊர்காவற்றுறை மீன் சந்தையில் நின்று பேசினால் படகுத்துறைவரை கேட்கும் குரல் அவருடையது. ஆனால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, கழுத்தில் சின்னச் சிமிழ் தொங்கும்போது அக்கா ஊமை. சிமிழுக்குள் நற்கருணை, பூசையில் ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பம், இருக்கிறது. ஊர்ப் பேச்சில் 'நன்மை'. ஆண்டவரோடு போகிறவர் வழியில் வேறு கதை கதைக்கக்கூடாது என்பது இங்கே பழக்கம். அது தெரிந்தும் சீண்டிப்பார்ப்பதில் சந்தைக்காரருக்கு ஒரு சந்தோசம்.

மூன்று ஊர்க் கோயில்களுக்கும் ஒரே சுவாமி, ஒரே பாதிரியார், என்பதால், படுக்கையில் கிடப்பவர்களுக்கு நன்மை கொண்டுபோகும் பணி அக்காவிடம் வந்தது. மீன் விற்றுப் பிழைக்கிறவர். வயது அறுபது, முழங்கால் நோ வேறு. என்றாலும் ஒரு வெள்ளியும் தவறியதில்லை. சிமிழ் வெறுமையானால்தான் வழியில் பேச்சு. அதற்குத் தடையாக இருந்தவர் கடைசி வீட்டு இராயப்பு.

இராயப்பு பழைய கடலோடி, பிடிவாதக்காரர். "சுவாமியாற்ர கையால எண்டால் வாங்குவன். பொம்பிளையின்ர கையால எனக்கு வேண்டாம்" என்று முதல் நாளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அக்கா முழந்தாளிட்டுச் செபத்தைச் சொல்லிவிட்டு, அவருக்கென்று கொண்டுபோனதைத் திரும்பக் கோயிலுக்கே கொண்டுவந்தார். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கடுத்த மாதமும்.

"ரோசம் இல்லையா அக்கா?" என்று ஒருநாள் சந்தையில் கேட்டேன்.

"அவர் வேண்டாமெண்டது என்ர கையை. உள்ளுக்கு இருக்கிறவரை இல்லையே. பிறகேன் நான் கோவிக்க?" என்றவர், மீனின் செதிலைச் சீவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஆள் நல்லா இளைச்சுப் போச்சுது. நன்மை வாங்காமலே கண்ணை மூடிடுவரோ எண்டுதான் எனக்குப் பயம்."

போன வெள்ளி நானும் கூடப் போனேன். நல்ல மழை. தெருவில் முழங்காலளவு வெள்ளம். சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. மழையங்கிக்குள் சிமிழை மட்டும் நனையாமல் பொத்திப் பிடித்திருந்தார் அக்கா. இராயப்பு கட்டிலில் கிடந்தபடியே வாசலைப் பார்த்தார்.

"இந்த மழைக்குள்ளயும் வந்தனியே, பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"சுவாமி?"

"நாளைக்கு வாறன் எண்டவர். உங்களுக்கு அதுதான் விருப்பமெண்டால் பொறுங்கோ. நான் செபத்தை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்."

கூரையில் மழை இரைந்தது. அக்கா மெழுகுதிரியை ஏற்றினார். செபம் பாதியில் இருந்தபோது, இராயப்பின் குரலும் மெல்லச் சேர்ந்துகொண்டது.

செபம் முடிந்தது. "நாளைக்கு ஆர் கண்டது" என்று முணுமுணுத்த கிழவர், இம்முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடி, வாயைத் திறந்தார்.

அக்கா சிமிழைத் திறந்தார். உடனே எடுக்கவில்லை. வலக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார், விரல்களைப் பார்த்தார், போதாதென்று இன்னொரு முறை துடைத்தார்.