கும்மிடிப்பூண்டியில் ஒரு வாய்க்கால், இரண்டு கலர்

நில உபயோக வரைபடம் என்றால் எனக்குப் பைத்தியம். யாரும் சொல்லித் தரவில்லை, இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப்களைப் பெரிதாக்கிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். மஞ்சள் குடியிருப்பு, ஊதா தொழிற்சாலை, பச்சை விவசாயம். ஒரு கலர் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் தரையில் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல், ஒன்றரை மணி நேரம். ஜன்னல் சீட் பிடியுங்கள். பொன்னேரி தாண்டினால் நெல் வயலும் கம்பெனிச் சுவரும் மாறி மாறி வரும்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் டேவிட் என் போனை எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, நெலம் பாக்க வந்தியா? இன்னா கலரு வேணும்?"

துள்ளிவிட்டேன். "கலரெல்லாம் தெரியுமாண்ணா?"

"ஊதாவுல மாட்டிக்கினவனுக்குத் தெரியாதா? என் நெலமே அதான். வா, காட்றேன்."

ஆரம்பாக்கம் பக்கம் ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு அவர் மனைவி எஸ்தர் மூன்று சென்ட் காலி மனையில் காத்திருந்தார். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்று பிளான் போடும் இன்ஜினியர் அன்றைக்குத்தான் சொல்வதாக இருந்தது.

மனையின் ஓரத்தில் ஒரு வாய்க்கால். அந்தப் பக்கம் டேவிட்டின் அண்ணன் கட்டிய மாடி வீடு. அண்ணன் தம்பி இருவரும் ஒன்றாக வாங்கியபோது இரண்டு மனையும் மஞ்சள்தான். அண்ணன் உடனே கட்டிவிட்டார், தம்பி காசு சேர்க்கக் காத்திருந்தார். அதற்குள் திட்டத்தைத் திருத்தினார்கள், தொழிற்பேட்டை இந்தப் பக்கம் நீண்டது. கோடு வாய்க்காலைப் பார்த்துப் போட்டதல்ல. சர்வே நம்பர் எங்கே முடிகிறதோ அங்கே கலரும் முடிகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வேறு நம்பர்.

நான் வாய்க்காலைத் தாண்டிக் குதித்து செல்ஃபி எடுத்தேன். "அக்கா, ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு வந்துட்டேன்!"

"குதிச்சா எங்க நெலமும் அந்தாண்ட வந்துடுமா தம்பி?" என்றார் எஸ்தர்.

போனை உள்ளே வைத்தேன். திருத்துவதற்கு முன்னால் ஆட்சேபம் சொல்ல அவகாசம் உண்டு, பேப்பரில் அறிவிப்பு வரும் என்று தெரிந்ததைச் சொன்னேன்.

"எந்தப் பேப்பரு? பஜ்ஜி மடிச்சுக் குடுக்கறதத்தான் நாங்க படிக்கிறோம்" என்றார் எஸ்தர்.

மூவருமாக பஜாருக்குத் திரும்பி, மாடியிலிருந்த இன்ஜினியரின் அறைக்குப் போனோம். அவர் நல்ல மனுஷன்தான், சுற்றி வளைக்கவில்லை. "ஊதால ஊடு கட்ட பர்மிஷன் வராதும்மா. கலர மாத்த எழுதிப் போடலாம், வருஷக் கணக்குல இழுக்கும். அதுவும் கெடைக்கும்னு சொல்ல முடியாது. இன்னொரு வழிகீது. கம்பெனி ஷெட்டுன்னு பிளான் போட்டு, பின்னாடி வாட்ச்மேன் ரூம்னு காட்டலாம். அதுக்கு ஒத்துப்பாங்க."

"ஷெட்டு எங்ககீது?" என்றார் எஸ்தர்.

"மொதல்ல நாலு தூண நட்டு மேல தகரம் போட்டுடணும்."

"அப்போ ஊடு?"

"அதான் வாட்ச்மேன் ரூம்."

டேவிட் சிரித்துவிட்டார். எஸ்தர் சிரிக்கவில்லை. "பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா சார். ரெண்டு ரூமாவது வேணும்."

"வாட்ச்மேனுக்கு எதுக்கும்மா ரெண்டு ரூமு?"

கீழே வந்ததும் டேவிட் என்னிடம் பணம் வாங்க மாட்டேன் என்றார், ஆட்டோ சீட்டில் வைத்துவிட்டு ரயிலேறினேன்.

இந்தப் பக்கம் மனை வாங்கப் போகிறவர்களுக்கு: பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் போதாது. சர்வே நம்பரைச் சொல்லி, இப்போது அது எந்த உபயோகத்தில் இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். திருத்தம் நடக்கிறதா என்றும் கேளுங்கள். இன்றைக்கு மஞ்சள் என்று எழுதித் தருகிறவர்கள் நாளைக்கும் மஞ்சளாகவே இருக்கும் என்று எழுதித் தர மாட்டார்கள். இத்தனை வருடம் அந்தக் கலர்களை அழகு என்று ரசித்துக்கொண்டிருந்தேன். கோட்டை நகர்த்தும்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எந்த பிடிஎஃப்பிலும் இல்லை.

போன வாரம் டேவிட் போன் செய்தார். தூண் நட்டாகிவிட்டதாம், பின்னால் ஒரே ஒரு ரூமுக்குக் கடைக்கால் தோண்டுகிறார்களாம். மகள் வாய்க்கால் தாண்டி பெரியப்பா வீட்டில் படுத்துக்கொள்வாளாம்.

"சொந்த நெலத்துலயே வாட்ச்மேன் வேல கெடச்சிச்சு நைனா," என்றார். "சம்பளந்தான் யார்கிட்ட கேக்கறதுன்னு தெர்ல."